ஒரே டெப் ஃபைல் எல்லா உபுண்டுவிலும் ஓடாது

‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ (லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரிதான் ஜிலிப்சி) என்ற எர்ரரை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு, ‘இதுவும் உபுண்டுதானே, ஏன் ஓடமாட்டேங்குது?’ என்று கேட்பவர்களுக்குக் குறைவே இல்லை. புரோகிராமை பில்ட் செய்தது உபுண்டு 22.04 வெளியீட்டில், ஓட்டுவது அதைவிடப் பழைய 20.04-இல். பிறகு எப்படி ஓடும்?

ஃபைல் பெயர் டெப் என்று முடிந்தால், உபுண்டுவும் சேர்ந்த டெபியன் லினக்ஸ் குடும்பத்தில் எங்கும் போடலாம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். டெப் வெறும் பொட்டலம். உள்ளே இருக்கும் பைனரி (ஓடத் தயாரான புரோகிராம்), தான் பில்ட் ஆன மெஷினின் ஜிலிப்சியில் இருந்ததைத்தான் தேடும். உபுண்டு 20.04-இலும் டெபியன் 11-இலும் அது 2.31. உபுண்டு 22.04-இல் 2.35, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 24.04-இல் 2.39. பழையதில் பில்ட் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

‘என் கோடில் புது வசதி எதையுமே தொடவில்லையே’ என்பார்கள். தொடவே வேண்டாம், ஹலோ வேர்ல்டு போதும். ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகளைச் சேர்ந்து ஓட்ட உதவும், தனியாக இருந்த பித்ரெட் லைப்ரரி 2.34-இல் ஜிலிப்சிக்குள்ளேயே சேர்ந்தது. அதே வெளியீட்டில், புரோகிராமின் மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிற தொடக்க ஃபங்ஷனுக்கும் 2.34 என்ற முத்திரை விழுந்தது. 2.34-இலோ அதைவிடப் புதியதிலோ வழக்கம்போல பில்ட் ஆகிற எல்லா சி புரோகிராமும் அந்த முத்திரையைக் கேட்கும். சந்தேகம் இருந்தால் பைனரிக்குள் எட்டிப் பார்க்க உதவும் ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள், கண்ணெதிரே தெரியும்.

இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம் நோயைவிட மோசம். இந்தப் பேக்கேஜுக்கு வேறு எவையெல்லாம் தேவை என்று சொல்லும் டிபென்ட்ஸ் வரியைக் கையால் திருத்துவார்கள். டெப்பை இன்ஸ்டால் செய்யும் டிபிகேஜி வாயை மூடிக்கொள்ளும், இன்ஸ்டால் முடியும், புரோகிராம் தொடங்கும்போதே சாகும். இன்னும் சிலர் புது உபுண்டுவின் ஜிலிப்சியையே இறக்கிப் பழைய சர்வரில் ஏற்றுவார்கள். கட்டளை வாங்கும் பாஷ், பேக்கேஜ்களை இறக்கி ஏற்றும் ஆப்ட் என்று எல்லாமே ஜிலிப்சியின் மேல்தான் நிற்கின்றன. தயவுசெய்து வேண்டாம். 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் பழைய 1.1 டெப்பைத் திணிப்பதும் இதே ரகம்தான். 1.1.1 வரிசைக்கு அதன் திட்டம் தந்த பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாக பில்ட் செய்யுங்கள். பில்ட் கருவிகளான எஸ்பில்ட், பிபில்டர் இரண்டில் எதுவானாலும் சரி, சுத்தமான சிரூட் (உங்கள் மெஷினுக்குள் தனியாகப் பிரித்து வைத்த குட்டி சிஸ்டம்) இருக்க வேண்டும். லேப்டாப்பில் எப்போதோ போட்ட டெவ் பேக்கேஜ் (ஒரு லைப்ரரியை வைத்து பில்ட் செய்யத் தேவையானது), பில்ட்-டிபென்ட்ஸ் என்ற பில்ட் தேவைப் பட்டியலில் நீங்கள் விட்ட ஓட்டையை மறைத்துவிடும். டிபென்ட்ஸில் லைப்ரரி பெயர்களைக் கையால் எழுதாதீர்கள், ஷ்லிப்ஸ் மாறியை வைத்தால் அந்தந்த வெளியீட்டுக்கு அதுவே கணக்குப் போடும். பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர் கருவிக்கு காம்பாட் (அதன் நடத்தை நிலை) 13 என்று எழுதிவிட்டு 20.04-க்கு பில்ட் ஆகவில்லை என்று புலம்பவும் வேண்டாம். அங்கே வெளியீட்டோடு வந்தது 12.

வெர்ஷன் எண்ணில்தான் பலர் வழுக்குகிறார்கள். வெளியீட்டின் செல்லப்பெயரைப் பேக்கேஜின் வெர்ஷனோடு ஒட்டும் பழக்கம் ஒன்று உண்டு. டெபியன் 11 புல்ஸ்ஐ, 12 புக்வார்ம். ஆங்கில அகரவரிசையில் புக்வார்ம் முன்னால் வரும். ஆக 2.4-1~புல்ஸ்ஐ என்பதைவிட 2.4-1~புக்வார்ம் சிறிய வெர்ஷன். 11-இலிருந்து 12-க்கு ஏறியவரிடம் ஆப்ட் பழைய பைனரியையே விட்டுவைக்கும், எர்ரரும் வராது. உபுண்டுவும் செல்லப்பெயர்களை 2017-இல் இசட் எழுத்தில் முடித்துவிட்டு மறுபடி ஏ-வுக்குத் திரும்பியதுதான்.

எண்ணையே ஒட்டுங்கள்: 2.4-1~டெப்11, 2.4-1~டெப்12, உபுண்டுவுக்கு 2.4-1~உபுண்டு22.04.1. அந்த டில்டே (~ குறி) அலங்காரம் இல்லை. அது இருந்தால் வெறும் 2.4-1-ஐவிடச் சிறியதாகக் கணக்காகும், அதனால் அதிகாரபூர்வப் பேக்கேஜ் வந்த அன்று உங்களுடையது தானாக விலகி வழிவிடும். ப்ளஸ் குறி போட்டால் விலகாது. வெளியிடும் முன் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸைக் கொண்டு ஒருமுறை ஒப்பிடுங்கள், இரண்டு விநாடி வேலை.

பழைய வெளியீட்டில் பேக்கேஜைப் போட்டு, சிஸ்டத்தை அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றி, அதன் பிறகும் ஓடுகிறதா என்று பாருங்கள். போடுவதையும் ஏற்றுவதையும் பைபார்ட்ஸ் என்ற சோதனைக் கருவி தானாகவே செய்துபார்க்கும், புரோகிராம் ஓடுகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெறும் சிரூட்டில் இன்ஸ்டால் மட்டும் செய்துவிட்டு ‘டெஸ்ட் முடிந்தது’ என்று எழுதினால், அடுத்த ஸ்க்ரீன்ஷாட் உங்கள் பேக்கேஜின் பெயரோடுதான் வரும்.