ட்ரோலிங் மோட்டாருக்கு பேட்டரி வாங்கும் முன்

"மோட்டார் முன்ன மாதிரி இழுக்கல, பிரிச்சுப் பாருங்க" என்று சர்வீஸுக்கு வரும் ட்ரோலிங் மோட்டார்களில் (சின்னப் படகை மெதுவாக ஓட்டும், பேட்டரியில் இயங்கும் மோட்டார்) பெரும்பாலானவற்றைப் பிரிக்கவே வேண்டியிருக்காது. நல்ல பேட்டரியில் இணைத்தால் புதுசு போலச் சுற்றும். படகில் இருக்கும் பேட்டரியையும் எடுத்து வரச் சொன்னால்தான் சங்கதி வெளியே வரும். ஒன்று, அது கார் பேட்டரியாக இருக்கும். அல்லது நல்ல பேட்டரிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒட்ட வடித்துவிட்டு, நினைவு வந்தபோது சார்ஜ் போட்டதாக இருக்கும்.

கார் பேட்டரி செய்யும் வேலை வேறு. இன்ஜினைக் கிளப்பச் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கும். கொடுத்ததை ஆல்டர்னேட்டர் உடனே நிரப்பிவிடும். அதற்காகவே உள்ளே மெல்லிய பிளேட்டுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். ட்ரோலிங் மோட்டாரோ பத்து, இருபது, நாற்பது ஆம்பியரை மணிக்கணக்கில் உறிஞ்சும். அப்படி ஆழமாக வடிக்கும்போதெல்லாம் மெல்லிய பிளேட்டிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் படியும். ஆழமாக வடிப்பதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரியில் பிளேட் தடிமன், அதனால் தாங்கும்.

எது எது என்பதை லேபிளே சொல்லிவிடும். 'கோல்டு கிராங்கிங் ஆம்ப்ஸ்' மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது இன்ஜின் கிளப்பும் பேட்டரி. நமக்கு வேண்டியவை இரண்டு எண்கள்: 20 மணி நேரக் கணக்கில் ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கி வரும் கொள்ளளவு), அப்புறம் 'ரிசர்வ் கெப்பாசிட்டி'. இந்த இரண்டாவதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. 25 ஆம்பியர் வீதம் எடுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதுதான் அது. 25 ஆம்பியர் என்பது நம் மோட்டார் ஓடும் அளவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இந்த எண்ணையே நான் அதிகம் நம்புவேன். 'மரைன்' என்று அச்சிட்டிருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை. அந்தப் பெயரில் வருபவற்றில் பல, இன்ஜின் கிளப்பவும் ஆழமாக வடிக்கவும் பொதுவாகச் செய்யப்பட்டவை.

அடுத்து கணக்கு. 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில், ஒரு பவுண்டு இழுவிசைக்குச் சுமார் ஒரு ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 55 பவுண்டு மோட்டார் 50 ஆம்பியரை ஒட்டி எடுக்கும். 100 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் இரண்டு மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். அந்த 100 என்பது 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 50 ஆம்பியர் வீதம் இழுத்தால் ஈய பிளேட்டும் ஆசிட்டும் உள்ள வழக்கமான ஈய அமில பேட்டரி ஏறக்குறைய 60, 65-தான் தரும். அதிலும் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும். ஆக, முழு வேகத்தில் நிம்மதியாக ஓட்டக்கூடியது முக்கால் மணிக்கும் குறைவு.

முழு வேகத்தில் யார் ஓட்டப்போகிறார்கள் என்பது நியாயமான கேள்வி. படகின் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். வேகத்தை எலக்ட்ரானிக் முறையில் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்கும் மோட்டாரில் இந்த மிச்சம் முழுசாகக் கைக்கு வரும். ஐந்து படி வைத்த சாதாரண மோட்டாரில் அவ்வளவு வராது. மெதுவாக ஓடும்போதும் ஒரு பங்கு மின்சாரம் காயிலில் சூடாகவே போய்விடும்.

அதனால் "எத்தனை ஆம்பியர் அவர் வாங்கலாம்?" என்று கேட்பவரிடம், ஒரு நாள் தண்ணீரில் எப்படி ஓட்டுவார் என்பதை முதலில் கேட்டுக்கொள்வேன். மூன்று மணி நேரம் மெதுவாக 12 ஆம்பியரில், அது 36. அரை மணி நேரம் இடம் மாற 25 ஆம்பியரில், சுமார் 13. திரும்பும்போது எதிர்க்காற்றில் அரை மணி நேரம் 40 ஆம்பியரில், 20. மொத்தம் 69. திரும்பும் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றோ நீரோட்டமோ எதிர்த்தால் செலவு இரட்டிப்பாவது சர்வசாதாரணம். இந்த ஆளுக்கு ஈய அமிலம் என்றால் 140 ஆம்பியர் அவர் வேண்டும். லித்தியம் என்றால் 100 போதும், கையிருப்பும் இருக்கும்.

லித்தியம் என்று நான் சொல்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை. 100 ஆம்பியர் அவர் ஈய அமில பேட்டரி 30 கிலோவை ஒட்டி வரும். இது அதில் பாதிகூட இருக்காது. சின்னப் படகில் பின்பக்கம் அந்தக் கனம் குறைவதே பெரிய விஷயம். கயாக்காக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். வோல்ட்டேஜும் கடைசிவரை பெரிதாக இறங்காததால் வேகம் சோராது.

ஆனால் அதற்கென்று சில தொல்லைகள் உண்டு. பேட்டரியைக் காக்க உள்ளே இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்று பாருங்கள். 50 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பிஎம்எஸ் மாட்டினால், காற்றை எதிர்த்து முழு வேகம் கொடுக்கும் நேரத்தில் பட்டென்று துண்டித்துக்கொள்ளும். 100 ஆம்பியர் விடுவதாக வாங்குவது உத்தமம். வோல்ட்மீட்டரை வைத்து மிச்சம் எவ்வளவு என்று கணிக்க முடியாது. போகும் வரும் மின்னோட்டத்தை அளந்து கணக்கு வைக்கும், ஷண்ட் வைத்த மீட்டர் வேண்டும். லித்தியத்துக்கான சார்ஜர் தனி. பழைய சார்ஜரின் சல்பேட் நீக்கும் பல்ஸ் இதற்கு ஆகாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகச் சார்ஜ் எடுப்பதும் வேண்டாம், நடுவில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் இருக்கட்டும். வாரந்தோறும் இறங்குபவருக்கு லித்தியம் கொடுத்த காசுக்கு உழைக்கும். எப்போதோ ஒருநாள் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு ஏஜிஎம் (ஆசிட் சிந்தாத, மூடிய ஈய அமில வகை) டீப் சைக்கிளே தாராளம்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆழமாக வடிவதை அது தாங்கும், உண்மைதான். ஆனால் உயரம், கனம், படகு சாய்ந்தால் ஆசிட் சிந்தும். வேண்டாம். தண்ணீர் ஊற்றும் பேட்டரி எதுவானாலும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும் வெடிக்க. மூடிய பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டை சீரிஸில் போடும்போது ஒரே வகை, ஒரே அளவு, ஒரே சமயத்தில் வாங்கியது என்று இருக்கட்டும். மீன் தேடும் கருவிக்காக அதில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்த ஒன்று சீக்கிரம் சாகும், கூடவே மற்றதையும் கெடுக்கும்.

ஒயர் விஷயத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் ஏராளம். பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால், நடுவே 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 50 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 போட்டால் 0.65 வோல்ட். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, மோட்டார் மேனுவல் சொல்லும் அளவில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம். தளர்ந்த டெர்மினலில் 50 ஆம்பியர் ஓடினால் பிளாஸ்டிக் உருகும். உருகிய மூடிகளை நான் பார்க்காத மாதமில்லை.

ஈய அமில பேட்டரியை வடித்த அன்றே சார்ஜில் போடுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான். 12.4-க்குக் கீழே காட்டினால் அது அலமாரியில் வெகுநாள் காய்ந்தது. "சார்ஜ் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.