ஏ, ஆன், தி: எதையும் போடாமல் விடுவதுதான் பெரிய சிக்கல்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ஆங்கிலக் கடிதங்களையும் பயோடேட்டாக்களையும் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஸ்பெல்லிங்கை இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது, டென்ஸும் ஓரளவு சரியாக வந்துவிடுகிறது. ஆனால் 'ஐ ஹேவ் டிகிரி', 'ஐ அட்டெண்டட் இன்டர்வியூ' என்று ஆர்ட்டிகிள் இல்லாமல் மொட்டையாக நிற்கும் பெயர்ச்சொற்கள் மட்டும் குறைந்தபாடில்லை.

காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. 'மாம்பழம் வாங்கினேன்' என்றால் ஒன்றாகவும் இருக்கலாம், ஒரு கூடையாகவும் இருக்கலாம். 'பத்து மாம்பழம்' என்றாலும் யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஆங்கிலம் அப்படி விடாது. எண்ணக்கூடிய ஒன்று ஒருமையில் வந்தால் அதற்கு முன்னால் 'ஏ', 'தி', 'மை', 'திஸ்' என்று ஏதாவது நின்றே ஆகவேண்டும். 'பை பஸ்', 'கோ டு ஸ்கூல்' மாதிரி சில விலக்குகள் உண்டு, அவற்றைக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பன்மைக்கு முன்னால் 'ஏ' நேரடியாக வராது, அது 'ஒன்' என்பதன் தேய்ந்த வடிவம்தானே. 'தி' மட்டும் இரண்டு பக்கமும் போகும், அங்கேதான் அர்த்தமே மாறுகிறது. 'ஐ ஹேவ் அட்டாச்ட் சர்டிஃபிகேட்ஸ்' என்றால் ஏதோ சில சான்றிதழ்களை வைத்திருக்கிறீர்கள். 'தி சர்டிஃபிகேட்ஸ்' என்றால் அவர்கள் கேட்ட அதே சான்றிதழ்கள். ஹெச்.ஆர். ஆட்கள் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைத்தால் 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். அண்மைப் போரில் பிடித்த 'டெரிட்டரீஸ்' என்ற இடங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது அது, அந்தப் பன்மைச் சொல்லுக்கு முன்னால் 'தி' இல்லை. பிடித்த எல்லா இடங்களிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா? பிரெஞ்சு வடிவமோ எல்லா இடங்களும் என்று படிக்க இடம் கொடுக்கிறது. வாதம் இன்னும் ஓயவில்லை.

அப்புறம், எண்ண முடியாதவை. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட்: இவற்றுக்கு 'ஏ', 'ஆன்' கிடையாது, கடைசியில் 'ஸ்' சேர்ப்பதும் கிடையாது. 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டிலேயே அச்சாகி வருவதை நான் பார்க்கிறேன். 'ஹி இஸ் ஏ ஸ்டாஃப்' என்பது நம் ஊர் ஸ்பெஷல். ஸ்டாஃப் என்பது ஊழியர்கள் மொத்தக் கூட்டம், ஒருவரைச் சொல்ல 'ஏ ஸ்டாஃப் மெம்பர்' என்றுதான் எழுதவேண்டும்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' கூட அதே ரகம்தான், நண்பர்கள் பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்' என்றே வரவேண்டும், ஆனால் வினை ஒருமையில் 'இஸ்'. இன்னொரு ஜோடி: 'ஏ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் பல மாணவர்கள், அதற்கு 'ஆர்', 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் அவர்களின் எண்ணிக்கை, அதற்கு 'இஸ்'.

'ஆன்' பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, எழுத்தை விட்டுவிட்டு ஒலியைக் கேளுங்கள்: 'ஆன் எம்.பி.ஏ.', 'ஏ யூனிவர்சிட்டி'.

ஊர்ப் பெயர்களுக்கு பெரும்பாலும் ஆர்ட்டிகிள் தேவையில்லை. பெயரே பன்மையாக இருந்தால் 'தி' வரும்: தி மால்டீவ்ஸ், தி ஹிமாலயாஸ், தி நீல்கிரிஸ். அதனால் ஊட்டியில் வேலை பார்த்தேன் என்று எழுதினால் ஒன்றும் வேண்டாம், நீலகிரியில் என்று எழுதினால் மட்டும் 'தி' போடுங்கள்.