ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைப் பாருங்கள்

பழைய வண்டி வாங்க விரும்புபவர்களுக்காக அதை முன்கூட்டியே சோதித்து அறிக்கை தருவது என் தொழில். புதிய வண்டி எடுக்க நினைப்பவர்களும், தங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டு வருவதுண்டு. மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட பெரிய கிராஸ்ஓவர் வண்டியை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஒருவராகவோ இருவராகவோதான் வருகிறார்கள். வெறுமையான வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, சத்தம் இல்லை, இழுவை நன்றாக இருக்கிறது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். முழுக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சுமப்பதற்காக வாங்கப்படும் வண்டியை, அந்தச் சுமையோடு வாங்குவதற்கு முன் யாரும் பார்ப்பதில்லை.

நானும் முன்பு அப்படித்தான் சோதித்து வந்தேன். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்காக ஒரு பழைய கிராஸ்ஓவரை நான் தனியாக ஓட்டிப் பார்த்து, நல்ல வண்டி என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் முதல் நெடும்பயணம் சென்று திரும்பியபோது மூன்று குறைகளைச் சொன்னார்கள். ஏற்றத்தில் கியர்பாக்ஸ் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, மேடுபள்ளங்களில் அடிபட்டது. மூன்றாம் வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குக் குளிர்காற்று வரவே இல்லை. நான் சோதித்த நாளிலும் அந்த மூன்று குறைகளும் அந்த வண்டியில் இருந்தன. வெறும் வண்டியில் அவை தலைகாட்டவில்லை, தேட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்தக் குடும்பத்தின் முன் நின்று அதை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, இந்த வகை வண்டியைச் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் நான் அறிக்கை எழுதுவதில்லை.

முதலில் வண்டியின் கட்டுமானத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பாணி எஸ்யூவிகளில் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடற்கூடு பொருத்தப்பட்டிருக்கும். கிராஸ்ஓவரில் சட்டமும் உடற்கூடும் ஒன்றே, அதாவது காரின் கட்டுமானம்தான். ஒரே பெயரில் வரும் வண்டியே இந்த வகையிலிருந்து அந்த வகைக்கு மாறியிருக்கலாம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 2010 மாடல் வரை தனிச் சட்டத்தில் வந்தது. 2011 மாடலிலிருந்து ஒற்றைக்கூட்டுக் கட்டுமானத்துக்கு மாறியது. டொயோட்டா ஹைலேண்டர் தொடக்கத்திலிருந்தே கார் தளத்தின் மேல் உருவானது. குடும்பத்துக்கு இந்தக் கட்டுமானம் நல்லதே: சவாரி மென்மையாக இருக்கும், ஏறி இறங்கும் உயரம் குறையும், மோதலின் விசையை உடற்கூடே மடங்கி வாங்கிக்கொள்ளும். ஆனால் உயரமான தோற்றத்தைப் பார்த்து, லாரியைப் போல எதையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. அது காரின் பாகங்களைக் கொண்ட, காரைவிடக் கனமான வண்டி.

பலரும் கேட்காத, நான் முதலில் பார்க்கும் எண் அதன் சுமைத் திறன். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் அது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டுள்ள தகட்டிலோ, பதிவு ஆவணத்திலோ இந்த எண்கள் இருக்கும். மொத்த எடை 2,700 கிலோ, வெற்று எடை 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 650 கிலோ. சராசரியாக 70 கிலோ எடையுள்ள ஏழு பேர் ஏறினால் 490 கிலோ போய்விடும். மீதி 160 கிலோவில்தான் பெட்டிகள், தண்ணீர், குழந்தை இருக்கைகள், கூரைச் சட்டம், அதன் மேல் கட்டும் மூட்டை எல்லாமே அடங்க வேண்டும். பின்னால் ஒரு இழுவண்டியைக் கோத்தால், கொக்கியின் மேல் அது அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஏழு இருக்கைகள் இருப்பதாலேயே ஏழு பெரியவர்களும் ஏழு பெட்டிகளும் போகலாம் என்று பொருளாகாது.

புதிய வண்டி எடுப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மாடலின் உயர்ந்த ரகத்தில் பெரிய கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரங்கள், மின்விசையில் நகரும் இருக்கைகள் என்று சேர்ந்துகொண்டே போகும்போது வெற்று எடை கூடுகிறது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் அதே அளவுக்குக் கூடாவிட்டால், அதிகப் பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது குறைந்த சுமைத் திறன்தான். ஆகவே விளம்பரப் பட்டியலில் உள்ள பொதுவான எண்ணை நம்பாமல், நீங்கள் எடுக்கப் போகும் ரகத்தின் தகட்டையே படியுங்கள். முழுச் சுமைக்கு உரிய டயர் காற்றழுத்தத்தையும் பல தயாரிப்பாளர்கள் அங்கேயே தனியாகக் குறிப்பிடுகிறார்கள். அது வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். பயணத்துக்கு முன் அதைச் சரிசெய்யாததால் பின்டயர்கள் சூடேறி ஓரங்கள் தேய்ந்துபோன வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மூன்றாம் வரிசை. அங்கே வளர்ந்த ஒருவர் குறைந்தது இருபது நிமிடம் பயணம் செய்து பார்க்க வேண்டும். பின் அச்சுக்கும் அதன் கீழ் உள்ள பாகங்களுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் அங்கே தளம் உயர்ந்திருக்கும், இருக்கையோ தாழ்ந்திருக்கும். முழங்கால் மார்பை நோக்கி உயர்ந்து, தொடை இருக்கையில் படாமல், உடலின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். ஐந்து நிமிடத்தில் தெரியாத இந்த வலி ஒரு மணி நேரத்தில் நன்றாகத் தெரியும். அங்கே ஏறி அமர்வதையும் சோதித்துப் பாருங்கள். இரண்டாம் வரிசையில் குழந்தை இருக்கை பொருத்தப்பட்டிருக்கும்போது அந்த இருக்கை மடிந்து வழிவிடுகிறதா? சில வண்டிகளில் குழந்தை இருக்கையோடே முன்னால் நகரும். பலவற்றில் அதைக் கழற்றினால்தான் பின்னால் போக முடியும். அவசரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்பதற்கும் இந்தக் கேள்வியே விடை தரும்.

குழந்தை இருக்கைகளைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் பிடிகள் இரண்டாம் வரிசையின் இரண்டு ஓரங்களிலும் பெரும்பாலும் இருக்கும். மூன்றாம் வரிசையில் பல வண்டிகளில் இருக்காது. இருந்தாலும் குழந்தை இருக்கையின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் கட்டும் மேல்வார்ப்பட்டையைக் கோக்கும் கொக்கி தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்து, பிறகு அளவாகத் தளர்த்தி மார்பைக் காக்கும் அமைப்பு முன்னிருக்கைகளில் பல காலமாக உள்ளது. பின் வரிசைகளில் அது எல்லா வண்டிகளிலும் இல்லை. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சோதனை நிறுவனம், ஓட்டுநருக்குப் பின்னால் சிறிய உடல்வாகுள்ள பெண் அல்லது 12 வயதுக் குழந்தையின் அளவுள்ள பொம்மையை அமர்த்தி, தன் முன்பக்க மோதல் சோதனையை 2022இல் விரிவாக்கியது. முன்னிருக்கைக்கு நல்ல மதிப்பெண் பெற்ற வண்டிகள் பலவும் பின்னிருக்கைக்கு அதைப் பெறவில்லை. குடும்ப வண்டியில் பிள்ளைகள் அமர்வது அங்கேதான் என்பதால், மொத்த நட்சத்திரக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் பின்வரிசைப் பாதுகாப்பைத் தனியாகத் தேடிப் படியுங்கள். பக்கவாட்டில் திரைபோல் விரியும் ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்பதையும் கையேட்டில் உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தபின் அதன் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதும் முக்கியம். அங்கே கொள்ளாத பெட்டிகளை இருக்கை உயரத்துக்கு மேல் அடுக்கினால், திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது அவை பிள்ளைகளின் தலைமேல் வந்து விழும்.

இனி பழைய வண்டிக்கு வருகிறேன். இங்கே என் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எவ்வளவு சுமையோடு ஓடியது என்பதே. அதற்கான சான்றுகள் வண்டியிலேயே இருக்கும். இழுவைக் கொக்கி பொருத்திக் கழற்றிய துளைகளும், கூரைத் தண்டவாளத்தில் ஆழமான கீறல்களும், பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவும், வெறும் வண்டியிலேயே தாழ்ந்து நிற்கும் பின்பகுதியும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியாக இருந்தால், டயர்களைக் கவனமாகப் பார்க்கிறேன். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். இரண்டு புதியவை, இரண்டு பழையவை என்றிருந்தால் சுற்றளவு வேறுபட்டு, முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். அந்த வேறுபாட்டைச் சமன்செய்ய முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் கப்ளிங் ஓயாமல் சறுக்கிச் சூடேறும். காய்ந்த தரையில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி தயங்கித் தயங்கிக் குலுங்கினால் அந்தப் பாகம் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் தயாரான வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைந்த விலை டயர்களை மாட்டி விற்பனைக்கு வைக்கப்பட்ட வண்டிகளில் சுமைக் குறியீட்டெண்ணும் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். 104 என்றால் அந்த டயர் 900 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோதான். நான்கு டயர்களுக்கும் சேர்த்து 400 கிலோ குறைந்துபோகிறது.

தானியங்கி கியர்பாக்ஸில் உள்ள எண்ணெய் ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லாதது என்று சில கையேடுகள் சொல்வதை விற்பவர்கள் பெருமையாக எடுத்துக்காட்டுவார்கள். கனமான வண்டியில், சுமையோடு ஏற்றம் ஏறும் பயன்பாட்டில், அந்தக் கூற்றை நான் ஏற்பதில்லை. எண்ணெயைக் கெடுப்பது சூடுதான், சூட்டைக் கூட்டுவது சுமை. மாற்றிய பதிவு இருந்தால் அந்த உரிமையாளர் வண்டியை அக்கறையோடு வைத்திருந்தார் என்று கொள்ளலாம். எண்ணெயில் கருகிய வாடை வந்தாலோ, மிதமான வேகத்தில் சீராக ஏறும்போது வண்டியில் மெல்லிய அதிர்வு தெரிந்தாலோ விலகிவிடுங்கள்.

எஞ்சின்களும் மாறிவருகின்றன. அமெரிக்கச் சந்தையில் ஹைலேண்டர் 2023 மாடலில் 3.5 லிட்டர் வி6 எஞ்சினை விட்டு 2.4 லிட்டர் டர்போவுக்கு மாறியது ஓர் எடுத்துக்காட்டு. சிறிய டர்போ எஞ்சின் தன்னளவில் குறையுள்ளதன்று. ஆனால் ஆயில் மாற்றத்தில் தாமதத்தை அது பொறுத்துக்கொள்ளாது. டீசல் வண்டியில், சிறுதூர ஓட்டத்திலேயே காலம் கழித்திருந்தால் புகைக்கரி வடிகட்டி அடைபட்டிருக்கலாம். ஹைபிரிட்டில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் பல வண்டிகளில் பின்னிருக்கைப் பக்கம் இருக்கும். பிள்ளைகளின் தின்பண்டத் துகளும் துணி நூலும் சேர்ந்து அது அடைபட்டிருப்பதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

பழுதுக் குறிகளைப் படிக்கும் சிறு கருவியைச் செருகி, குறி எதுவும் இல்லை என்று திருப்தி அடைவது போதாது. முந்தின நாள் இரவே அவற்றை அழித்திருக்கலாம். அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் தயார்நிலைச் சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழிந்து, மீண்டும் முடிய சில நாள் ஓட்டம் தேவைப்படும். ஆகவே அந்தச் சோதனைகளில் பல முடியாத நிலையில் இருந்தால், அண்மையில் எதையோ மறைத்திருக்கிறார்களா, பேட்டரியை மட்டும் மாற்றினார்களா என்று கேட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

பெரிய கண்ணாடிக் கூரை உள்ள வண்டியில் தண்ணீர் வடியும் குழாய்கள் அடைபட்டால் நீர் தூண்கள் வழியாக இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும். அங்கேதான் பல வண்டிகளில் மின்னிணைப்புகள் ஓடுகின்றன. விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். மூன்றாம் வரிசை சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியாயின் சேற்றுக்கறை அதில் கோடாகத் தெரியும். உள்ளறையைக் கழுவுபவர்கள் அதுவரை இழுத்துத் துடைப்பதில்லை. மோதல் பழுதுக்கு, வர்ணத்தின் கனத்தை அளக்கும் கருவி உதவும். ஆலையில் அடித்த வர்ணம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது பல மடங்கு கூடினால் அடியில் நசுங்கலை நிரப்பும் பூச்சு அப்பியிருக்கிறது. முன்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால் அதன் பின்னுள்ள கேமரா அளவுதிருத்தம் செய்யப்பட்டதற்கான சீட்டைக் கேளுங்கள். தானியங்கி அவசரப் பிரேக் அந்தக் கேமராவை நம்பியிருக்கலாம். அடிச்சட்ட எண்ணைக் கொண்டு, குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரால் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் பட்டியலைத் தேடுவதையும் விட்டுவிடாதீர்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் உள்ள வாயு உருவாக்கும் வேதிப்பொருள் நீண்டகாலச் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்தது. மாற்றப்படாதது ஒன்று உங்கள் கைக்கு வரக் கூடாது.

கடைசியாக வெள்ளோட்டம். எஞ்சின் குளிர்ந்த நிலையில் முதன்முதலில் இயங்கும்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டும். நீங்கள் வரும் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றுங்கள். 2,000 கிலோ வண்டி 2,600 கிலோ ஆகும்போது, அதே வேகத்திலிருந்து அதை நிறுத்தப் பிரேக்குகள் 30 சதவீதம் கூடுதல் ஆற்றலை உறிஞ்ச வேண்டும். பிரேக் டிஸ்க் வளைந்திருந்தால் நடுக்கம் அப்போதுதான் ஸ்டீயரிங்கில் தெரியும். ஏற்றம் ஒன்றில் சீராக ஏறுங்கள். மூன்றாம் வரிசையில் இருப்பவரிடம் காற்று குளிர்ச்சியாக வருகிறதா, பேசுவது முன்வரிசைக்குக் கேட்கிறதா, பின் அச்சிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பின்குளிரூட்டிக்குச் செல்லும் நீண்ட குழாய்கள் பல வண்டிகளில் அடிப்பகுதி வழியாகச் செல்வதால் அரித்துக் கசிவதுண்டு. அந்தப் பழுதைச் சரிசெய்யாமல் பின்விசிறியை மட்டும் ஓடவிட்டு விற்கிறார்கள்.

முப்பது நிமிடம் ஓட்டிய பின் சமதளத்தில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, குனிந்து அடியில் பாருங்கள். சூடான எஞ்சினிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் புதிதாக எண்ணெய் சொட்டுகிறதா, சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிக்கிறதா என்று கவனித்துவிட்டு, பழுதுக் குறிகளை இரண்டாம் முறை படியுங்கள். நான் என் அறிக்கையில் கையெழுத்திடுவது அந்த இரண்டாம் வாசிப்புக்குப் பிறகுதான்.