பருத்தி இலைக்குள் ஒரு ஷண்டிங்

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவியின் கேள்வி: "பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் மாமா பருத்தி போடுகிறார். நோய் தாங்கும் என்று சொல்லி வாங்கிய ரகத்திலும் சில வருஷத்தில் கோண இலைப்புள்ளி வந்துவிட்டது. கண்ணேறு என்று கொல்லையில் பூசணிக்காய் கட்டியிருக்கிறார். நிஜமாக என்ன நடக்கிறது?"

அந்தப் பூசணிக்காயை மோர்க்குழம்பில் போட்டிருக்கலாம். காரணம், சாந்தோமோனாஸ் வகைப் பாக்டீரியா. விதையோடு வரும், மழைத்துளி தெறித்துப் பரவும், இலைத்துளை வழியே உள்ளே போகும். நரம்புகள் மறிப்பதால்தான் புள்ளி வட்டமாக இல்லாமல் மூலை மூலையாக இருக்கிறது.

சரி, ரகம் ஏன் தோற்றது? பாக்டீரியா, ஊசி போன்ற ஓர் அமைப்பால் 'டால்' என்ற புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை செடியின் டிஎன்ஏ மீதே போய் உட்கார்ந்து, தமக்கு வேண்டிய மரபணுவை முடுக்கிவிடும். அப்படி ஒரு டால் புரதம், செல்லிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் பருத்தி மரபணுவைத் திறந்துவிடுவது 2017இல் தெரியவந்தது.

உட்கார வேண்டிய இடம் அதற்கு எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தண்டையார்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டியைப் பார்த்திருப்பீர்கள்: பெட்டிகளெல்லாம் ஒரே அச்சு, எண் மட்டும் வேறு. டால் புரதத்தின் நடுப்பகுதியும் அப்படித்தான். 34 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. முக்கியமாக மாறுவது 12, 13ஆம் இடங்கள்தான். அங்கே ஹிஸ்டிடினும் அஸ்பார்டிக் அமிலமும் இருந்தால் அந்தத் துண்டு டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தைப் பிடிக்கும். அஸ்பரஜினும் கிளைசினும் என்றால் தைமினை. ஒரு பெட்டிக்கு டிஎன்ஏவின் ஓர் எழுத்து! 2009இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இந்தக் கணக்கை அவிழ்த்தன.

துண்டுகள் இவ்வளவு ஒத்திருப்பதால், டிஎன்ஏ வெட்டி ஒட்டப்படும்போது எளிதில் இடம் மாறிச் சேர்ந்துவிடுகின்றன. யார்டில் நடக்கும் ஷண்டிங்தான். பெட்டி கூடும், குறையும், வரிசை கலையும். போதாக்குறைக்கு ஒரே பாக்டீரியாவில் இப்படிப் பல மரபணுக்கள். பழைய வரிசையைக் கண்டுபிடித்து எதிர்த்துவந்த ரகம் புது வரிசையிடம் கோட்டைவிடுகிறது.

இந்த வேறுபாட்டை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். டிஎன்ஏவை நொதியால் நறுக்கி டால் மரபணுக்களைத் தேடினால், திரும்பத் திரும்ப வரும் அந்தப் 'பெட்டி'களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீளம் மாறி, பாக்டீரியா வகைக்கு வகை வேறு பட்டைக்கோலம் விழும். ஆனால் அதற்கு ஊர் ஊராகப் புள்ளி விழுந்த இலைகளைச் சேகரித்து, பாக்டீரியாவைப் பிரித்து, உறையவைத்துக் காக்க வேண்டும். புது ரகம் வெளியிட்டால் விழா உண்டு, போட்டோ உண்டு. ஃப்ரீசரின் கரண்ட் பில்லுக்கு நிதி கேட்டுப் பாருங்கள், கோப்பு நகராது. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

உங்கள் மாமா செய்யக்கூடியது: அமிலத்தில் பஞ்சு நீக்கிய விதையை வாங்கட்டும், பழைய பருத்திமாரை, அதாவது அறுவடைக்குப் பின் நிற்கும் செடித் தண்டை, கொல்லையில் விடாமல் அப்புறப்படுத்தட்டும். விதைக்கு உள்ளே ஒளிந்திருப்பதை அமிலம் தொடாது. மேலே ஒட்டியிருப்பது போய்விடும்.