பழைய ஹிட்டாச்சி வாங்கப் போகிறீர்களா? ஆயில் சூடேறிய பிறகு பாருங்கள்

பழைய பொக்லைன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டையும் ஹவர் மீட்டரையும் பார்க்கிறார்கள், என்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேட்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரு வாரத்தில் யாரும் சரிசெய்துவிடலாம். ஹைட்ராலிக் மெக்கானிக்காக எங்கள் பட்டறையில் நான் பார்ப்பது அதற்கடுத்த கட்டம். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி, முதல் மாதத் தவணை கட்டும் முன்பே பம்ப் போய் வந்து நிற்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டாடா ஹிட்டாச்சி இஎக்ஸ் 200, எல் அண்டு டி கொமட்சு பிசி 200 எதுவானாலும் சரி, இருபது டன் வண்டியின் உயிர், எல்லா அசைவுக்கும் ஆயிலை அழுத்தித் தரும் அதன் மெயின் பம்பில் இருக்கிறது. தேய்ந்த பம்ப் காலை நேரத்தில் நன்றாகவே வேலை செய்யும். 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் 80 டிகிரிக்குப் போகும்போது, 40 டிகிரியில் இருந்த கெட்டித்தன்மையில் கால் பங்குதான் மிஞ்சும். கெட்டியாக இருக்கும்வரை தேய்மான இடுக்கு வழியாக அதிகம் கசியாது. இளகியதும் பம்புக்குள்ளேயே ஆயில் கசிந்து திரும்பிப் போய்விடும். எனவே புரோக்கர் காலையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டீசல் காசை நீங்களே கொடுங்கள், இரண்டு மணி நேரம் மண் வெட்டச் சொல்லுங்கள். ஓட்டுவதும் உங்கள் ஆபரேட்டராக இருக்கட்டும்.

சூடேறியதும் சமதளத்தில் இரண்டு லீவரையும் முழுதாகத் தள்ளி நேராக ஓட்டிப் பாருங்கள். காலையில் நேராக ஓடிய வண்டி இப்போது ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கத்துக்கு எண்ணெய் தரும் பம்ப், செயினை ஓட்டும் டிராவல் மோட்டார், சுழலும் மேல்பகுதியிலிருந்து கீழே ஆயில் கொண்டுபோகும் சென்டர் ஜாயிண்ட் மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. எது என்று பட்டறையில்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் விலை பேச அந்த இழுப்பே போதும்.

அடுத்தது பூம், அதாவது வண்டியோடு இணைந்த பெரிய கை, இறங்குகிறதா என்ற சோதனை. பூம் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் ஆர்மை நீட்டி, பக்கெட்டில் மண் நிரப்பி, பூமைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணையுங்கள். கீழே ஒரு ஆளும் நிற்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று சிலிண்டர் ராடில் சாக்பீஸால் குறித்து அளக்கலாம். கொஞ்சம் இறங்குவது பழைய வண்டிக்கு இயல்பு. கண் பார்க்கவே இறங்கினால், பிசி 200 போன்ற வண்டிகளில் சாவியை ஆன் செய்து, என்ஜின் ஓடாமலே பூமைத் தூக்கும் பக்கம் லீவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறங்கும் வேகம் கூடினால் சிலிண்டர் சீல் போயிருக்கிறது, சீல் கிட்டோடு முடிகிற செலவு. வேகம் மாறாவிட்டால் கோளாறு கண்ட்ரோல் வால்வில். அது பெரிய செலவு.

பூமின் பக்கவாட்டில் கூடுதலாக இரண்டு பைப் ஓடுகிறதா, அல்லது ஓடிய தடத்தில் கிளாம்ப் வெட்டிய அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வண்டி பெரும்பாலும் பிரேக்கர் கட்டிப் பாறை உடைத்த வண்டி. ஏரி தூர்வாரிய வண்டியும் குவாரியில் பிரேக்கர் அடித்த வண்டியும் ஒரே வருஷ மாடலாக இருந்தாலும் ஒரே வண்டி அல்ல. பிரேக்கர் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கும், அழுக்காக்கும், பூம் வெல்டிங்கையும் ஆட்டிவிடும். பூம் அடிப்பகுதியிலும் ஆர்ம் பின் அருகிலும் புதிதாகத் தட்டு வைத்து வெல்டிங் அடித்திருந்தால், என்னைக் கேட்டால் அந்த வண்டியே வேண்டாம்.

செயின், ரோலர், செயினை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் தேய்மானம் கண்ணுக்கே தெரியும். ஸ்ப்ராக்கெட் பல் கூராகியிருந்தால் மொத்த செட் செலவையும் விலையில் கழியுங்கள். ஒரிஜினல் இன்வாய்ஸ், சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், பைனான்ஸ் முடிந்த என்ஓசி இல்லாமல் அட்வான்ஸ் தராதீர்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. வேலைக்கு அனுப்பும் முன், டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் பில்டரைக் கழற்றி அறுத்து, மடிப்பை வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள். பித்தளை நிறத் துகள் மின்னினால் பம்போ மோட்டாரோ தேய்கிறது. கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் சீல் அல்லது ஹோஸ். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பம்புக்குள் இருக்கும் இடைவெளிகள் கண்ணால் பார்க்கக்கூடிய தூசியைவிடச் சிறியவை. அதனால் ஆயில் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்பதை நம்ப முடியாது. வயலில் ஹோஸ் மாற்றும்போது திறந்த முனையைப் பிளாஸ்டிக் மூடியால் அடைக்க வேண்டும். கோணிச் சாக்கைச் சுருட்டி அடைக்கும் பழக்கத்தை விடுங்கள், அதன் நாரே வால்வில் போய் உட்காரும். புது பேரல் ஆயிலையும் பில்டர் வழியாகவே டேங்கில் ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை உங்கள் ஆபரேட்டருக்கும் ஹெல்பருக்கும் படித்துக் காட்டுங்கள். ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயிலைக் கையால் தடவித் தேடவே கூடாது. இந்த வண்டிகளில் பிரஷர் 300 பாருக்கு மேல் போகும், தோலைத் துளைத்து உள்ளே போக அதில் சிறு பங்கே போதும். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, என்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து எல்லா லீவரையும் ஆட்டி, டேங்க் காற்றையும் விடுங்கள். யார் கையிலாவது ஆயில் ஏறிவிட்டால் முதலில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. ஊரில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். அது அறுவைச் சிகிச்சை செய்து சுத்தம் செய்ய வேண்டிய காயம், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், ‘ஹை பிரஷரில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது’ என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். ஆயில் டின்னின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.