ராகி வேருக்குத் துணை நிற்கும் பூசணம்

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில், மழை விட்ட மறுநாள் ராகித் தூர் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். செம்மண் உதிராமல் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். வேர்த்தூவிகளோடு சேர்ந்து அதைப் பிடித்திருப்பவை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூசண இழைகள்.

வேர் உட்பூசணம் என்று இதற்குப் பெயர். உரக்கடையில் ‘வேம்’ என்று கேட்டால் தருவார்கள். பூசணம் என்றதும் வாடல் நோய்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இது அந்த வகையல்ல, வேரோடு சேர்ந்து வாழ்ந்து செடிக்கு உதவுவது. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, 40 கோடி ஆண்டுப் பழைமையான செடிகளின் புதைபடிவங்களிலேயே இந்த உறவு பதிவாகியிருக்கிறது.

நம் செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இறுகப் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து உரமான டிஏபி போட்டாலும் அதில் பெரும்பங்கு அப்படித்தான் அடைபடுகிறது. எஞ்சியதும் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உள்ளதை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் வெறுமையாகிவிடும். பூசண இழையோ அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தூரம் போய், வேர் நுழைய முடியாத சந்துகளிலும் புகுந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகிறது. வேரின் செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைவிட்டு அங்கே அதை இறக்குகிறது. கூலியாகச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. இலை தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை இதற்கே போகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, இருக்கும் சத்தைப் போகவிடாமல் வைத்திருக்கும் வேலை. சரளை கலந்த மேட்டுக்காட்டில் ஒரு கனமழை பெய்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். இழைகள் அதில் ஒரு பகுதியை வழியிலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. மண் துகள்களைச் சுற்றிப் பின்னிக் கட்டிகளாக்குவதால் மேல்மண் அரிப்பும் குறைகிறது.

இந்த ஏற்பாட்டை நாமே குலைக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். மணிச்சத்துக்குப் பசித்திருக்கும் வேர்தான் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கும். ஒவ்வொரு போகத்துக்கும் டிஏபியைக் கொட்டினால் அந்த அழைப்பு நின்றுபோகிறது. அடிக்கடி ஆழ உழுதால் வலை அறுந்துபோகிறது. ஓசூர் பக்கம் பயிராகும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் கடுகின் குடும்பம். இவை இந்தப் பூசணத்தோடு சேர்வதே இல்லை. முட்டைக்கோஸுக்குப் பின் முட்டைக்கோஸ் என்று வைத்தால் மண்ணில் பூசணம் மெலிந்துவிடும். ராகிக்கு நடுவே ஓரிரு சால் கடுகு விதைப்பதால் கெடுதல் இல்லை, சுற்றிலும் ராகி வேர் இருக்கிறதே.

வேம் வாங்கினால் தெளித்துவிட்டுப் போகாதீர்கள், வேரில் பட வேண்டும். பாலக்கோடு தக்காளிக்காரர்கள் நாற்றுவிடக் குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவோடு கலந்துவிடலாம். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணம் பெருகாது. அதனால்தான் ராகியோடு துவரை ஊன்றுவதை நான் வலியுறுத்துகிறேன். ராகிக் கதிர் களத்துக்குப் போன பிறகும் துவரை காட்டில் நிற்கும். மண்ணுக்குள் இருக்கும் இழைகளுக்கு அதுவரை சோறு கிடைக்கும்.