திருச்சியில் 100 காட்டியது, கொட்டாம்பட்டியில் நின்றது

பங்குனி உத்திரத்துக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்துச் சாஸ்தா கோயில்களுக்குச் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டிகள் இறங்கும். என் மெக்கானிக் பட்டறை கொட்டாம்பட்டிப் பக்கம், திருச்சி-மதுரை நான்கு வழிச்சாலையை ஒட்டி.

போன வருடம் அதிகாலை 4 மணிக்குப் போன். டீசல் தீர்ந்து நின்ற கிரெட்டா கார். உள்ளே ஐந்து பேர், மேலே கேரியரில் பொங்கல் பானை வரைக்கும் கட்டியிருந்தது. "திருச்சியில 100 கிலோமீட்டர் போகும்னு காட்டுச்சுண்ணே, மேலூர்ல போட்டுக்கலாம்னு வந்தோம்" என்றார் மருமகன்.

விசாரித்தேன். திருச்சி வரை ஓட்டியவர் மாமனார், 75-ஐத் தாண்டவில்லை. அங்கே ஸ்டியரிங்கை வாங்கிய மருமகன் நன்றாக மிதித்திருக்கிறார். மீட்டரில் வரும் அந்த எண், கடைசியாக ஓடிய தூரத்தின் மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. அந்த 100, மாமனார் காலுக்கு உரியது. 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கேரியர் மூட்டை வேறு.

ஷோரூமில் சொல்லும் கணக்கு வேறு மாதிரி. 50 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 21.8, ஆக 1,090 கிலோமீட்டர். அந்த 21.8 சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுப்பது. வேகம் 90-க்கு மேல் போகாது, ஏசி கிடையாது, மாமியாரும் பானையும் கிடையாது. ஆள், சுமை, ஏசியோடு வேகமாகப் போனால் 13, 14 வந்தாலே பெரிசு. அடியில் 7 லிட்டரைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 43. பெருக்கிப் பாருங்கள், 600-ஐ ஒட்டி முடிந்துவிடும். சென்னையிலிருந்து திருநெல்வேலி 600-க்கு மேல்.

அந்த 7 லிட்டர் எதற்கு? டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது எரிபொருள்தான். டீசல் வண்டியில் இன்ஜின் பக்கத்து உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசலேதான் மசகு எண்ணெய். வறண்டால் உள்ளே தேயும். காற்றும் புகுந்துவிடும், டீசல் ஊற்றினாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது. கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் கண்ணில் படும் நல்ல பங்க்கில் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

உங்கள் வண்டியின் நிஜ மைலேஜ் தெரிய வேண்டுமா? பங்க்கின் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் தெரிந்துவிடும். சுமையோடு ஒருமுறை, சுமையில்லாமல் ஒருமுறை.

இன்னொன்று. 50 லிட்டர் டேங்கில் 52 பிடித்தது, ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். குழாய்க் கழுத்து வரை நிரப்பினால் கூடப் பிடிக்கும். சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பங்க்கிலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அன்று கேனிலிருந்து 10 லிட்டர் ஊற்றி, காற்றை எடுத்து, வண்டி உறும விடிந்துவிட்டது. மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மருமகன் பின்னால் போய்விட்டார்.